கை அண்ணாச்சி

அவர் கையில் நான் வில்லைப் பார்த்தது ஒரே ஒரு முறைதான். வில் இல்லாமல் அவர் அம்பு விட்டதை மட்டும் மூன்று வருடம், வாரத்துக்கு ஐந்து சாயங்காலம் பார்த்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் கிழக்கு மூலையில் அந்த வில்வித்தை வகுப்பு நடந்தது. என் மகள் காவ்யா அப்போது ஏழாம் வகுப்பு. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன். ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் அவளுக்கு ஏதாவது தின்னக் கொண்டுபோய், மைதானத்தில் கட்டியிருந்த நைலான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் பெற்றோர். நாங்கள் எல்லோரும் கல்பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக் கதை பேசிக்கொண்டிருப்போம். அவர் மட்டும் நிற்பார்.

சும்மா நிற்க மாட்டார். இடது கையை முன்னால் நேராக நீட்டியிருப்பார். வலது கையின் மூன்று விரல்களை மடக்கி மோவாய்க்குக் கீழே வைத்திருப்பார். நீட்டிய இடது முழங்கையில் சாப்பாட்டுப் பை தொங்கும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் மகள் எஸ்தர் அம்பை விட்டதும் இவருடைய வலது கை காதைத் தடவிக்கொண்டு பிடரிக்குப் போய் நிற்கும். இடது கை நீட்டியபடியே இருக்கும். அம்பு பலகையில் குத்தி, அது மஞ்சளா சிவப்பா என்று தெரிந்த பிறகும் அப்படியே நிற்பார்.

முதல் நாள் நான் தோள்பட்டை வலி என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரருக்கும் டாக்டர் இதே மாதிரி ஒரு பயிற்சி சொல்லியிருந்தார்.

"எத்தனை நாளா வலி அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையை இறக்காமல் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். "ஃபாலோ த்ரூ, தங்கச்சி" என்றார்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் வாய் திறக்கவில்லை. அவர் திறந்த வாயை மூடவில்லை. "அம்ப விட்டாச்சு, நம்ம சோலி முடிஞ்சிட்டுன்னு நெனைக்காவ பாருங்க, அங்கனதான் தப்பு. விரலு நாணை விட்ட பொறவும் முதுகு இழுத்துக்கிட்டே இருக்கணும். இந்தக் கை தன்னால பின்னால போணும். வில்லுப் பிடிச்ச கை செத்தாலும் கீழ எறங்கக் கூடாது. எங்க போயிக் குத்துதுன்னு பாக்க ஆசப்பட்டு எட்டிப் பாத்தியளோ, கை விழும். கை விழுந்தா அம்பும் விழும்."

இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அந்த வகுப்பின் பயிற்சியாளரும் இதையேதான் சொன்னார். அவர் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணாச்சிக்குப் பேட்டையில் ஒரு பீரோ கம்பெனியில் வேலை. செய்து முடித்த பீரோக்களைச் சரிபார்த்து அனுப்புவது. கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாராம், கதவைத் தட்டிப் பார்ப்பாராம், குறை இருந்தால் சாக்பீஸால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுவாராம். குறை இல்லாத பீரோவை அவர் வாழ்க்கையில் பார்த்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சாக்பீஸ் அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். மைதானத்துக்கு வந்ததும் குனிந்து கயிற்றுக்குள் நுழைந்து, எஸ்தர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பாதத்தைச் சிமெண்டுத் தரையில் வரைந்துவிட்டு வருவார். பீரோவுக்கு வட்டம், மகளுக்குப் பாதம்.

நாங்கள் அம்மாமார்கள் சேர்ந்து அவருக்குக் 'கை அண்ணாச்சி' என்று பெயர் வைத்தோம். வைத்தது நான்தான். அந்தப் பெருமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மைதானத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாசலில் இருந்த டீக்கடையில், டீ ஆற்றுகிறவரிடம் ஒருநாள், "ஊத்தின பொறவு மேல் கைய டக்குன்னு இறக்குதீரு வே. அதான் நுரை நிக்க மாட்டேங்கு" என்றார். டீ ஆற்றுகிறவர் பத்தொன்பது வருடமாக அந்தக் கடையில் நிற்கிறவர். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு மட்டும் நுரையே இல்லாத டீ வந்தது. அதையும் அவர் தன் கருத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

உவரியிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற அம்மாள் ஒருத்தி, சனிக்கிழமைகளில் அதே தெருமுனையில் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். நான் அவளிடம் சீலா மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது இவர் வந்தார். அவள் வெட்டுவதை ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். "யம்மா, மீனு வெட்டுப்பட்டதும் அரிவாளுக்கிட்ட கைய நிறுத்துதிய. நிறுத்தக் கூடாது. வெட்டுன வேகத்துல கை கீழ வரைக்கும் போணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கீழ என் தொடை இருக்கு. பரவாயில்லியா?" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு போயிருப்பார்கள். அவர் அவள் உட்கார்ந்திருந்த பலகையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார்.

அவருடைய சபையில் பாடகர் குழுவை நடத்துகிற பெரியவர், பாட்டு முடிவதற்குள் கையை இறக்கிவிடுகிறார் என்று ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வருகிற வாசலில் வைத்து அண்ணாச்சி அவரிடமே சொன்னாராம். இதைச் சொன்னது எஸ்தர்தான். எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே சொன்னாள். "சபை ஐயருகூடச் சிரிச்சாரு ஆன்ட்டி. நான் செருப்பத் தேடுத மாதிரி குனிஞ்சிக்கிட்டேன்."

எஸ்தர் ஒல்லியான பிள்ளை. கைகள் மட்டும் நீளம். வில்லுக்காகவே செய்து அனுப்பின கைகள் என்று பயிற்சியாளரே சொல்வார். அவளைவிடப் பெரிய பிள்ளைகள் எட்டு, ஏழு என்று போடும்போது இவள் சத்தமில்லாமல் நடு மஞ்சளில் வைத்துவிட்டு வருவாள். வந்ததும் அப்பா சொல்லுவார்: "நாலாவது அம்புல கை விழுந்தது."

ஒருமுறை காவ்யா அவர்கள் வீட்டுக்குப் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த வீட்டில் லைட் சுவிட்சைப் போட்டால் உடனே கையை எடுக்கக் கூடாதாம். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். குப்பையைத் தொட்டியில் போட்டாலும் மூன்று எண்ண வேண்டும். சாம்பார் ஊற்றிய கரண்டிக்கும் மூன்று. எஸ்தரின் அம்மா மட்டும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லையாம். "மூணு எண்ணினா சோறு நாறிப் போவும்" என்று சொல்லிவிட்டாளாம்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, காவ்யா சிரிப்பை நிறுத்தினாள். "நம்ம வீட்டுக்கு வந்தப்பவும் அவ அப்படித்தாம்மா சுவிட்ச் போட்டா. யாரும் பாக்கல. ஆனாலும் எண்ணுனா."

நான் அதைக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்து மற்ற அம்மாமார்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு வீடியோக்கள் வந்தன. பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. தினமும் காலை ஐந்து மணிக்கு அதில் அண்ணாச்சி நான்கைந்து வீடியோ போடுவார். எல்லாம் மெதுவாக ஓட்டப்பட்ட வீடியோ. விரலிலிருந்து நாண் நழுவுவதற்குள் நாம் பல் தேய்த்துவிட்டு வந்துவிடலாம். அதன்மேல் சிவப்புக் கோடுகள், அம்புக்குறிகள். கீழே 'கை 1 செ.மீ. கீழே' என்று ஒரு வரி. எல்லோரும் அந்தக் குழுவின் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தோம். நானும்தான். ஆனால் எஸ்தருக்குப் பக்கத்தில் காவ்யா நிற்கிற வீடியோக்களை மட்டும் யாருக்கும் தெரியாமல் சேமித்து வைத்துக்கொண்டேன். அதை இப்போது சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அந்த ஒரே முறை அவர் கையில் வில்லைப் பார்த்தது, ஒரு ஆனி மாதத்தில். மேற்கிலிருந்து காற்று கிளம்பி மைதானத்து மண்ணையெல்லாம் எங்கள் டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு அவருக்கே பொறுமை தலைக்கு மேலே போயிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் பழகுகிற லேசான வில் ஒன்றை எடுத்துக்கொண்டு கயிற்றுப் பக்கம் வந்தார்.

"சார், ஒண்ணு விடுங்களேன்" என்றார்.

அண்ணாச்சி மறுக்கவில்லை. சாப்பாட்டுப் பையை என்னிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடக்கினார். உள்ளே போய்த் தரையில் தன் பாதங்களைச் சாக்பீஸால் வரைந்துகொண்டு அதன்மேல் ஏறி நின்றார். பிள்ளைகள் எல்லோரும் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இழுத்தார். வருடக்கணக்காக இழுத்துப் பழகிய கை. நன்றாகத்தான் இழுத்தார். விட்டார்.

நாண் அவருடைய இடது முன்கையில் அறைந்த சத்தம் டீக்கடை வரைக்கும் கேட்டது. அம்பு பத்தடியில் தரையைத் தொட்டு, பாம்பு மாதிரி புல்லுக்குள் ஓடிப் பலகைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அம்பு விரலை விட்ட அந்த நொடியிலேயே அண்ணாச்சி இரண்டு கையையும் போட்டுவிட்டு, குதிகாலில் எம்பி, கழுத்தை நீட்டி, எங்கே போனது என்று பார்த்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டிருந்தோம். அவர் வில்லைத் திருப்பிக் கொடுத்தார். "அம்பு வளைஞ்சிருக்கு சார். இத வச்சாப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கியோ?" என்றார்.

மறுநாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்தச் சட்டையோடு இடது கையை நீட்டினார். வலியில் முகம் ஒருமுறை சுருங்கியது. கை இறங்கவில்லை.

அன்று பயிற்சியாளர் என்னிடம் ஒன்று சொன்னார். அவரிடம் சொல்ல முடியாததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். "எஸ்தருக்கு ஒரே ஒரு குறைதான் மேடம். அம்பு விட்டதும் தலை திரும்புது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்பு எங்க போச்சுன்னு பாக்கத் திரும்பும். அவ அம்பைப் பாக்கறதில்ல. அவங்க அப்பா கையைப் பாக்கறா."

பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது மாநிலப் போட்டிக்கு மாவட்டத்திலிருந்து ஆள் எடுக்கிற தேர்வு வந்தது. பெண்பிள்ளைகளில் நான்கு பேரை எடுப்பார்கள். மாநிலத்தில் நன்றாகப் போட்டால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், படிப்புச் செலவு இல்லை, பிறகு வேலைக்கும் வழி உண்டு. அண்ணாச்சி ஒரு மாதம் பீரோக்களைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். 'இன்னும் 21 நாள்', 'இன்னும் 20 நாள்' என்று காலை ஐந்து மணிக்குக் குழுவில் வந்துகொண்டிருந்தது.

தேர்வு நடந்தது வேறொரு பெரிய மைதானத்தில். பெற்றோரைக் கம்பி வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. ஒரு சுற்றுக்கு ஆறு அம்பு, நான்கு நிமிடம். விசில் அடித்ததும் பெரிய கடிகாரத்தில் நொடிகள் குறைய ஆரம்பிக்கும். ஆறு சுற்று.

ஐந்து சுற்று முடிந்தபோது எஸ்தர் இரண்டாவது இடத்தில் இருந்தாள். காவ்யா ஐந்தாவது. நான்காவது இடத்துக்கும் அவளுக்கும் பதினோரு புள்ளி வித்தியாசம். அது எட்டாத தூரம் என்று எனக்குத் தெரிந்தது. வாங்கி வைத்திருந்த கேக் துண்டை எந்த முகத்தோடு கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் அண்ணாச்சி வேலிக் கம்பியில் முழங்கை இடிக்க இடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அம்புக்கும் எஸ்தர் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் மோவாயை அசைத்துச் சைகை காட்டினார்.

கடைசிச் சுற்றில் முதல் அம்பு பத்து. இரண்டாவது ஒன்பது. மூன்றாவதும் பத்து. மூன்றாவது அம்பை விட்டதும் அவள் வலது கை காதைத் தாண்டிப் பிடரியில் போய் நின்றது. இடது கை வில்லோடு நேராக நின்றது. தலை திரும்பவில்லை.

"பாத்தியளா தங்கச்சி!" அண்ணாச்சி உத்தரவை மறந்துவிட்டார். "இதத்தான், இதத்தான் மூணு வருசமா சொல்லுதேன்! எப்படி நிக்கா பாருங்க!" போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

பத்து நொடி ஆனது. பக்கத்துப் பிள்ளை அடுத்த அம்பை விட்டது. எஸ்தர் அப்படியே நின்றாள். இருபது நொடி. முப்பது.

"சரி, போதும்ட்டி" என்றார் அண்ணாச்சி தனக்குள்ளேயே.

அவள் நின்றாள். வரிசையில் இருந்த மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆறு அம்பையும் முடித்துவிட்டுப் பின்னால் வந்தார்கள். காவ்யாவும் வந்துவிட்டாள். கோட்டில் எஸ்தர் ஒருத்தி மட்டும் மிச்சம். நடுவர் ஒருவர் அருகில் போய் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்ன மாதிரி தெரியவில்லை. வில்லைப் பிடித்த கை நடுங்க ஆரம்பித்தது எங்களுக்கே தெரிந்தது. இடுப்பில் மூன்று அம்பு அப்படியே இருந்தது. கடிகாரத்தில் ஒரு நிமிடம் சொச்சம்.

அண்ணாச்சி போனைக் கீழே போட்டுவிட்டு வேலியைப் பிடித்து உலுக்கினார். "ஏட்டி! கைய எறக்குட்டி! எறக்கிட்டு அடுத்த அம்ப எடு! எஸ்தரு! எம்மா, எறக்கும்மா! ஒன் கால்ல விழுதேன், கைய எறக்கு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. ஒருவர் ஓடிவந்து அவரை அதட்டினார். அவர் காதில் விழவில்லை. வலது கையால் வேலியை உலுக்கிக்கொண்டிருந்தாரே தவிர, இடது கை கம்பி இடுக்கு வழியாக உள்ளே நேராக நீண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், கணக்குப் போட்டேன். மூன்று அம்பு போனால் இருபத்தைந்து புள்ளிக்கு மேல் போகும். எஸ்தர் நான்குக்குக் கீழே இறங்கிவிடுவாள். அப்போது நான்காவது யார்? கடிகாரத்தில் இருபது நொடி இருக்கும்போதே என் கணக்கு முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளை கையை இறக்கிவிடக் கூடாதே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

விசில் அடித்தது. எஸ்தர் கையைப் பைய இறக்கினாள். வில்லைத் தாங்கியில் வைத்துவிட்டு, எல்லோரோடும் நடந்துபோய்த் தன் மூன்று அம்பையும் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

வேலிக்கு வெளியே வந்ததும் அண்ணாச்சி, "ஏன்ட்டி?" என்றார். "ஏன்ட்டி அப்படிச் செஞ்ச?"

"பசிக்குப்பா" என்றாள். அவர் தோளில் தொங்கிய பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து, வேலியோரமாக உட்கார்ந்து, புளிச்சோற்றை வலது கையால் அள்ளித் தின்றாள். இடது கை மடியில் கிடந்தது. தொட்டுக்க வைத்திருந்த அவித்த முட்டையை முதலில் தின்றாள்.

அவர் குனிந்து, கீழே போட்ட போனை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார். அடிக்க வருகிறாரோ என்று எனக்கு ஒரு பயம். என் கணக்கு அவருக்குத் தெரிந்துவிட்ட மாதிரி.

"காவ்யாவுக்குக் கெடைச்சிட்டுல்லா? நல்லது தங்கச்சி. நல்ல பிள்ளை" என்றார். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினார். "கடைசி அம்புல கை லேசா எடப்பக்கம் போச்சு. பாத்துக்கிடுங்க."

அடுத்த வாரம் எஸ்தர் வகுப்புக்கு வந்தாள். பயிற்சியாளரிடம் ஒரு நிபந்தனை போட்டாளாம். அப்பா மைதானத்துக் கேட்டுக்கு உள்ளே வரக் கூடாது. வந்தால் அவள் வர மாட்டாள். அண்ணாச்சி சண்டை போடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் சரி என்றுவிட்டார். கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து போகிற வருகிற எங்களைப் பார்த்து, "என்ன போடுதா? கை நிக்குதா?" என்று கேட்பார். எஸ்தர் யாரும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தாள். நாங்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவோம்.

காலை ஐந்து மணி வீடியோ நின்றது. குழுவில் நிம்மதி. கல்பெஞ்சில் அவர் கதையே ஒரு வாரம் ஓடியது. சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் நான்தான் முன்னால்.

மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. காவ்யாவுக்கு அம்புகள் இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தன. பயிற்சியாளர், "தானா சரியாயிரும், விடுங்க மேடம்" என்றார். எனக்கு விட முடியவில்லை. ஒரு சாயங்காலம் நான் கேட்டுக்கு வெளியே போனேன்.

"அண்ணாச்சி, காவ்யாவுக்குக் கை எடப்பக்கம் போற மாதிரித் தெரியுது. நீங்க சொன்னியள்லா? கொஞ்சம் வந்து பாக்கியளா?"

அவர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கிய வேகத்தில் அது சாய்ந்து விழப் பார்த்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாக்பீஸ் இருந்தது.

எஸ்தரிடம் நானே போய்க் கேட்டேன். உங்கள் அப்பா காவ்யாவை மட்டும்தான் பார்ப்பார், உன் பக்கம் திரும்பவே மாட்டார் என்றேன். அவள் வில்லைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள்.

"வச்சுக்கோங்க ஆன்ட்டி. ஞாயித்துக்கிழமை மட்டும் அனுப்பிருங்க. கோயிலுக்குப் போணும்."

மூன்று வாரம் அவர் எங்களிடம் இருந்தார். கோட்டின் இந்த ஓரத்தில் காவ்யா, அந்த ஓரத்தில் எஸ்தர். அவர் எஸ்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். சொன்ன சொல் தவறவில்லை. காவ்யாவுக்குப் பாதம் வரைந்தார், வீடியோ எடுத்தார், சிவப்புக் கோடு போட்டார். வீடியோக்கள் இப்போது எனக்கு மட்டும் வந்தன. காலையில் காபி போடும் முன்னால் நான் அதைத் திறந்தேன். காவ்யாவை எழுப்பிக் காட்டினேன். முதல் வாரம் அவளுடைய புள்ளிகள் ஏறின. இரண்டாவது வாரம் நின்றன. மூன்றாவது வாரம் ஒருநாள் அவள் சமையலறை சுவிட்சைப் போட்டுவிட்டு, விரலை எடுக்காமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

மாநிலப் போட்டியில் காவ்யா வாங்கிய இடத்தைக் கடைசியிலிருந்து எண்ணினால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு அம்பை விட்டதும் அவள் தலை திரும்பியது. அண்ணாச்சி அந்த ஊருக்கு வரவில்லை. கூட்டத்தில் யாரைத் தேடுகிறாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் பார்த்தாள். என் இடது கை முன்னால் நீண்டிருந்தது.

ரயிலில் திரும்பி வரும்போது, கோவில்பட்டி தாண்டிய பிறகு, "அம்மா, வில்லத் திருப்பிக் குடுத்துரலாமா?" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சரி என்றேன். அவள் உடனே தூங்கிவிட்டாள். அவ்வளவு நன்றாக அவள் தூங்கி நான் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை வில்லைத் திருப்பிக் கொடுக்க நான் மட்டும் மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகள் விட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் அந்த ஓரத்தில் நின்றாள். பக்கத்துப் பிள்ளையிடம் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு, காலை எங்கே வைக்கிறோம் என்றே பார்க்காமல் விட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி கயிற்றுக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் நின்றார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. காவ்யா வருவாள் என்று நினைத்து வந்திருக்கிறார். தரையில் இரண்டு பாதம் புதிதாக வரைந்திருந்தது.

"காவ்யா இனிமே வர மாட்டா அண்ணாச்சி" என்றேன்.

அவர் பாதங்களைப் பார்த்தார். "படிப்பா?"

"ஆமா" என்றேன்.

"நல்ல பிள்ளை. கை மட்டும்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்போது அவருக்குப் பின்னால், அந்த ஓரத்தில், பலகையில் ஒரு அம்பு குத்திய சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, அவ்வளவுதான்.

"இது எம் பிள்ளை விட்ட அம்பு" என்றார் மெதுவாக. "சத்தத்துலேயே தெரியும். மஞ்சள்தான தங்கச்சி?"

நான் அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். அம்பு வெள்ளையில், கடைசி ஓரத்தில், பிடுங்கிக்கொண்டு விழுந்துவிடுகிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சள்தான் அண்ணாச்சி" என்றேன்.